நாலு நாள் இரவல்

சென்னையிலிருந்து பின்சீட்டில் பெல்ட் மாட்டிக்
கொண்டுவந்தார் பார்த்திபன்.
இரண்டு ஜோடி. நாலு நாள் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.
சத்துவாச்சாரி ஃபேஸ் டூ, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது,
ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ.
"கீறல் விழுந்தா உங்களுது" என்று சிரித்தார்.
பாதிதான் சிரிப்பு.

கறுப்பு ஜோடி, எட்டு அங்குலம்.
எதைப் போட்டாலும் பெண்வீட்டார் பந்தி மாதிரி உபசரிக்கும்.
குடியாத்தத்தில் நாங்கள் பதிந்த
கன்னியப்பன் குழுவின் பம்பை
அதில் இறங்கும்போது
நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ மேசை நகர்த்துகிறார்கள்.
நானா மிக்ஸ் செய்தேன் இதை?
என்மேல் எனக்கே மரியாதை வந்தது.

சாம்பல் ஜோடி, ரிப்பன் ட்வீட்டர்.
அதே பம்பை அதில் இரண்டாகப் பிரிந்தது:
மரத்தது ஒன்று, பித்தளையது ஒன்று.
நடுவே கன்னியப்பன் மூச்சு வாங்குகிறார்.
நான் இறுக்கிக் கட்டிய கம்ப்ரஸர்
ஒவ்வொரு அடிக்கும் பிறகு
வெட்கமில்லாமல் இளைக்கிறது.

விலை என்றால்,
கறுப்பு, தப்ரேஸ் போன வருஷம் விற்ற ஆல்டோ.
சாம்பல், அந்த மாதிரி இரண்டு ஆல்டோ.
தொழிலில் பாதி அவனுடையது, கடனிலும்.

காலண்டர் தாளின் பின்பக்கம் மார்க் போட்டோம்.
சர்ச் கொயர், பேரணாம்பட்டுப் பையன்கள் பாடிய நாத்,
நகைக்கடை விளம்பரம்.
சாம்பலில் விளம்பரப் பெண் 'சேதாரம் இல்லை' என்றதும்
தப்ரேஸ் முகம் சுளித்தான்.
"சே வெட்டுதுடா."
"ரூம்தான். பஞ்சு பத்தல" என்றேன்.
இரண்டுக்கும் ஒரே மார்க் போட்டேன்.
அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டீ சொல்லப் போனான்.

மூன்றாம் நாள், மே மாதம், பகல் இரண்டே முக்கால்.
கரண்ட் போனது.
நாலு ஸ்பீக்கரின் நீலப் பொட்டும் அணைந்தது.
ஏசி நின்றது, மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது.
இவ்வளவு சுத்தமான அமைதியை இந்த அறையில்
நான் கேட்டதில்லை.

"அத நிறுத்துடா" என்றான் தப்ரேஸ்.
"எத?"
"யுபிஎஸ். கத்துதுல்ல."
மேசைக்கடியில் சிவப்பு விளக்கு சிமிட்டியது.
விளையாடுகிறான் என்று நினைத்தேன்.
சிமிட்டும்போதெல்லாம் அவன் விரல் நீட்டினான்:
இப்ப. இப்ப. இப்ப.
முட்டிபோட்டுப் பெட்டியில் காது வைத்தேன்.
வலது காதில், எங்கேயோ, ஒரு கொசு.
இடது காதில் மே மாதம்.

பதினேழு வருஷம்
திருவிழா மேடை ஓரத்தில், பாக்ஸ் அடுக்குக்குப் பக்கத்தில்
மிக்ஸரோடு உட்கார்ந்தவன் நான்.
இடது பக்கம்தான் எப்போதும் பாக்ஸ்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி.
முன்னால் ஒரு வங்காளிக் குடும்பம், பின்னால் இன்னொன்று.
காது பார்க்கும் அறைக்குள் போனதும்
சுவரைத்தான் முதலில் தடவினேன்.
எங்கள் அறையைவிட நல்ல அறை.
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.
வெகுநேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.
கோடு போட்டுக் கொடுத்த தாளில்
நாலாயிரத்துக்கு மேல் நான் பாலாறு:
பெயர் இருக்கிறது, மணல் இருக்கிறது.

சாயங்காலம் பார்த்திபன் வருவதற்குள்
நகைக்கடைப் பெண்ணை மறுபடி ஓடவிட்டோம்.
இந்த முறை ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை,
தப்ரேஸின் புருவத்தைப் பார்த்தேன்.
கறுப்பில் அது அசையவில்லை.
சாம்பலில் 'சே' வந்த இடத்தில் சரியாக ஏறியது.
ஈக்யூவைக் கொஞ்சம் இறக்கினேன்.
புருவமும் இறங்கியது.

"எது சார் நல்லா இருந்தது?"
"கறுப்பு" என்றேன்.
"சாம்பல விட்டுட்டுப் போங்க."
பார்த்திபனுக்குப் புரியவில்லை.
பன்னிரண்டு தவணை, முதல் தவணை தப்ரேஸ்.
நடு நாற்காலியும் இனி அவனுக்கு,
அதை இன்னும் நாங்கள் பேசவில்லை.

கறுப்பில் ஒன்றை நானே தூக்கி இறக்கினேன், மூன்று மாடியும்.
தெருமுனையில் ஐஸ் வண்டி மணியடித்துப் போனதாம்.
தப்ரேஸ் சொன்னான்.