தன் எடையில்

மண்டபம் வடக்குத் துறையில்
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன,
தடைக்காலம் முடிந்து ஐம்பது நாளாகியும்.
இறால் என்ன விலை என்று இப்போது யாரும் கேட்பதில்லை.
டீசல் காசுக்குத் தேறுமா, அது மட்டும்தான்.

சீனி இபுறாகீம் டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில்
மூன்று பேர் பயிற்சிக்குச் சேர்ந்தோம்.
நம்புராஜன் வைகாசியில் திருப்பூர் போனான்.
அங்கேயும் இரண்டு ஷிப்டு ஒன்றாகிவிட்டதாம்,
திரும்பி வர வெட்கப்பட்டு அங்கேயே இருக்கிறான்.
கலீல் உச்சிப்புளியில் பரோட்டா வீசுகிறான்.
மிச்சம் நான்.
பதினாறு மாதம் முடிந்தது, எட்டு பாக்கி.
வேதாளையிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை;
நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்,
மறைப்பானேன்.

"அடுத்த மாசத்துலேர்ந்து பாதிதான், டெல்சி"
என்றார் முதலாளி, கால்குலேட்டரைப் பார்த்தபடி.
என் முகத்தைப் பார்த்திருந்தால்
முக்கால் என்று வந்திருக்குமோ என்னவோ.
சரி என்றேன்.
அந்தச் சரிக்கு வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா நண்டுக் கம்பெனியில் சதை எடுப்பவள்.
ஆறு நாள் வேலை இரண்டு நாளாகிப்போனது.
மற்ற நாட்களில் அவள் விரல்கள்
எதையாவது உரித்துக்கொண்டே இருந்தன:
பூண்டு, கடலை,
சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு.
"பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலதான கத்துத் தருவாக?"
என்றாள்.

சீசனில் எனக்கு எந்தப் பாதியும் கிடைத்ததில்லை.
மண்ணெண்ணெயில் கழுவு, டீ வாங்கு,
"ஆச்சா"வென்று வாசலில் நிற்பவர்களிடம் "ஆச்சு" சொல்லு.
நாசிலைத் தொட்டால் வில்வதுரை கத்துவார்:
"விடிய நாலு மணிக்கு போட்டு போகணும்,
ஒனக்குப் பாடம் நாளைக்கு."
அந்த நாளை
படகுகள் நின்ற பிறகுதான் வந்தது.
வில்வதுரை இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார்.
பெஞ்சு சும்மா இருக்கிறது.
இரும்புக்கடைக்குப் போட வைத்த பழைய நாசில்கள்
ஒரு பெயிண்ட் டப்பா நிறைய.

ஊசியைச் சுத்த டீசலில் முக்கி
உறையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இழுத்து
சாய்த்துப் பிடித்து, விட்டுவிட வேண்டும்.
தன் எடையில் தானே இறங்க வேண்டும்.
விழுந்தால், தேய்ந்தது.
நின்றால், சிக்கியது.
இறங்குவது என்றால் என்ன என்று
சொல்லிப் பார்த்தால் வரவில்லை.
அறுபதாவது நாசிலில் விரலுக்குத் தெரிந்தது.
தெரிந்ததும் பயமாக இருந்தது:
அதற்கு முன்னால் பார்த்த ஐம்பத்தொன்பதையும்
முதலிலிருந்து பார்த்தேன்.
நேரம்தான் இருக்கிறதே.

வியாழக்கிழமை இன்னாசிமுத்து வந்தார்,
துண்டில் முடிந்த ஆறு நாசில்களோடு.
போன வருசம் என்றால் ஆறும் புதிது வாங்கியிருப்பார்.
வில்வதுரை இல்லை.
முதலாளி என்னைப் பார்த்தார்; இந்தமுறை முகத்தை.

"நாலு தேறும். ரெண்டு தேறாது" என்றேன்.
"நீ சொன்னா ஆச்சா?" என்றார் இன்னாசிமுத்து.
கைப்பிடியை அழுத்தினேன்.
முள் இருநூறைத் தொட்டதும்
டிக்கென்று வெட்டி, புகையாகப் பீய்ச்சியது நல்லது.
கெட்டது
மூக்கு ஒழுகும் பிள்ளைபோல் சொட்டியது.
அவர் அதற்கு மேல் பேசவில்லை.
டப்பாவிலிருந்து அதே அளவில் இரண்டை எடுத்தேன்.
"அது காயலான் சாமானில்ல?" என்றார் முதலாளி.
"முந்தாநாள் வரைக்கும்" என்றேன்.

பாதி பணம், மீதிக்குக்
கொழுந்தன் வள்ளத்தில் வந்த இரண்டு கிலோ கணவாய்.
பணம் கல்லாவுக்கு, கணவாய் எனக்கு.
சாயங்காலம் துறைப்பக்கம் ஒரு இஞ்சின் கேட்டது.
கயிற்றை அவிழ்க்காமலே
பத்து நிமிடம் ஓடவிட்டார், விற்கிற விலை டீசலில்.
முதலில் கறுப்பு, பிறகு வெளுப்பு, பிறகு வெறும் சத்தம்.
அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அம்மா கணவாய்க்குள் விரல்விட்டு
கண்ணாடி ஓட்டை உருவினாள்.
தடையில்லாமல் வழுக்கி வந்தது.
"நாளைக்கும் யாராச்சும் வருவாகளா?"
"தெரியலம்மா."
அடுத்ததை எடுத்தாள்.