ஒட்டுச் சுடுதல்

பஸ்ஸுக்குக் கீழே சாக்கு விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு ஒரு சாண் மேலே மலத்தாங்கி.
காலையில் மூன்று தரம் கழுவி ஊற்றியாயிற்று,
சுண்ணாம்புத் தண்ணீரும் விட்டாயிற்று.
மூக்கு நம்பவில்லை.

நடமாடும் தாய்மார் கிளினிக்.
நாளைக்கு முத்தையன்கட்டு.
"ஐம்பத்திரண்டு பேர், தங்கச்சி.
பதினொரு பேருக்கு ஒன்பதாம் மாதம்.
எட்டுக்கு வந்தால் பன்னிரண்டு மட்டும் இருப்பினம்.
கக்கூஸ் இல்லாமல் நான் பஸ்ஸில் ஏற மாட்டன்."
சொல்லிவிட்டு மிஸி போய்விட்டா.

ஒழுகுவது மயிரளவு வெடிப்பில்,
தாங்கியின் கழுத்தும் எல்போவும் சேருகிற இடத்தில்.
மரையென்றால் திருகலாம்.
கிளிப் என்றால் தளர்த்தலாம்.
இது ஒட்டு.
கடையில் பசை என்று கேட்டு வாங்குகிறோமே தவிர
அது பசையே இல்லை.
இரண்டு குழாயின் தோலையும் கரைத்து
ஒரே தோலாக்கிவிட்டுத்
தான் காற்றோடு போய்விடும்.
பிறகு எதிலிருந்து எதைப் பிரிக்கிறது?

வெட்டத்தான் வேணும்.
வெட்ட இடமும் வேணும்.
வைத்தவன்
கழுத்தோடு முட்ட முட்ட வைத்திருக்கிறான்,
வாள் நுழைய ஒரு விரல் இல்லை.
எல்போவுக்கு அங்கால் வால்வும் ஒட்டு,
வால்வுக்கு அங்கால் வளைவும் ஒட்டு.
"எந்த விசரன் அண்ணை இதைச் செய்தது?"
சில்லடியில் குந்தியிருந்து
டோர்ச் பிடிக்கிறார் கமலநேசண்ணை.
வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
பதில் இல்லை.

எல்போவைக் குறுக்கே அறுத்து எறிந்தேன்.
அதன் முனை மட்டும் கழுத்துக்குள் வளையமாய்
விடாமல் நிற்கிறது.
வாள் அலகில் துணி சுற்றிக் கையால் பிடித்து
உள்ளிருந்து வெளியே மூன்று கீறல்.
ஒரு நூல் கூடினால் கழுத்து போச்சு,
தாங்கியும் போச்சு.
ஆழத்தைக் கண் காணாது.
நகம் சொல்லும்.

பிறகு சூடு.
துவக்கு என்றுதான் பெயர்,
ஊதுவது வெறும் காற்று.
ஒட்டுசுட்டானில் படுத்துக்கிடந்து ஒட்டைச் சுடுகிறேன்.
ஊர்ப்பேரில் இருக்கிற ஒட்டு
அரிந்த குரக்கனின் அடித்தாள் என்பார்கள்.
சுட்டபோது இரத்தம் கண்டதாம்.
இதிலே வந்தது கண்ணைக் கரிக்கிற புகை,
மஞ்சளாய் ஒரு சொட்டு.
வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இளகியது.
குறட்டால் பிடித்து உள்ளுக்குச் சுருட்ட
தோடம்பழத் தோல்போல
ஒரே சுருளாய்க் கையோடு வந்தது.

எறிந்த எல்போவைக் காலால் இழுத்தெடுத்துச்
சேற்றைத் துடைத்தேன், அளவு பார்க்க.
சுற்றிவரப் பென்சில் கோடு.
கோடு முடிகிற இடத்தில்
வால் வளைந்த ஒரு புள்ளடி.

அந்த வாலை
நான் மட்டும்தான் வளைக்கிறனான்.

மூன்று வருசத்துக்கு முன்,
மாங்குளத்தில் பயிற்சி முடித்த முதல் மாதம்.
இடைவெளி விட்டால் ஒழுகும் என்று பயந்த கை.
ஒட்டு இன்றைக்கும் விடவில்லை.
அம்பகாமத்துக் கிடங்குகளில்
தாங்கி ஒரு பக்கம் குலுங்க,
குழாய் அசையமாட்டேன் என்று நிற்க,
நடுவில் இருந்தது வெடித்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"
"அண்டைக்கும் நான்தானே டோர்ச் பிடிச்சனான்."

கழுத்துக்குள் புதுக்குழாயை ஒட்டித்தான் ஆக வேணும்,
அதற்கு வேறு வழி இல்லை.
ஆனால் நாலங்குலம் வெளியே விட்டேன்.
அதற்காகப் பின்குழாயை வெட்டி
வால்வைத் தள்ளி வைத்தேன்.
இடையில் ரப்பர் உறை, இரண்டு கிளிப்.
குலுங்கட்டும்.
அடுத்த தரம் வெட்ட வருகிற கைக்கு
இடம் இருக்கு,
அது யாருடைய கையென்றாலும்.

இரவு முழுக்கக் காயவிட்டு
நாலரைக்கு மிஸி மேலேறி வாளித் தண்ணீர் ஊற்றினா.
கீழே இரண்டு பேரும்
ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
சத்தம் தலைக்கு மேலால் போனது.
கன்னத்தில் ஒன்று ஓடியது.
"வேர்வை" என்றார் கமலநேசண்ணை.

இன்னொரு வாளி கேட்டேன்.