நாற்பத்தோராவது நொடி

பெல்லந்தூர் ஏரியைப் பார்க்காத பக்கத்தில், நாலாவது மாடி.
இரவு இரண்டேகால்.
என் காதுக்குள் ஒஹையோவிலிருந்து ஒருத்தி
கடன் கொடுத்த கம்பெனியோடு பேசுகிறாள்,
போன மாதம் பேசியதை.
நான் தட்டச்சுகிறேன்.
ஒரு நிமிட ஒலிக்கு ஏழு ரூபாய்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது
முழு ஆங்கிலம்.
எல்லா எழுத்தும் கழுத்துப் பொத்தான் போட்டு
பிரேயருக்கு நிற்கும்.
இங்கே வந்த முதல் வாரம்
அந்த மொழியை ஒருவரும் பேசவில்லை.
'டிட் யூ' என்று யாரும் கேட்கவில்லை, 'டிஜ' என்றார்கள்.
'கோயிங் டு' தேய்ந்து 'கனா' ஆயிற்று.
'ஐ டோன்ட் நோ'வில் சொல்லே இல்லை,
மூக்கில் ஏறி இறங்கும் முனகல் மட்டும்.
'நெக்ஸ்ட் வீக்'கில் விழுந்துபோன 'ட்'டை
மேசைக்கடியில் குனிந்து தேடாத குறை.
"தேடாதே," என்றாள் டீம் லீட் பிரகதி ஹெக்டே,
"அவங்க அதை எடுத்துட்டே வரலை."

நாமோ எதிர்த்திசை.
பஸ்ஸு, பில்லு, லேட்டு, லிஃப்டு.
அவர்கள் கடித்துப்போட்ட வாலுக்கெல்லாம்
ஓர் உகரம் ஒட்டவைத்து அனுப்புகிறவர்கள்.

பத்து டாலரை அவள் 'டெம் பக்ஸ்' என்றபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
பகரம் வரப்போகிறதென்று தெரிந்து
னகர ஒற்று முன்கூட்டியே உதட்டை மூடிக்கொள்கிறது.
என் பெயரும் அப்படி வந்ததுதான்.
பொன்னும் கொடியும் முட்டிக்கொண்ட இடத்தில்
ஒன்று விட்டுக்கொடுத்தது:
பொற்கொடி.
தோன்றல் திரிதல் கெடுதல் என்று
மூன்று மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டது
ஒஹையோக்காரி வாய்க்குள் நடந்துகொண்டிருக்கும் என்று
யார் கண்டது.
அலுவலகத்தில் நான் 'போர்க்கடி'.
அதற்கு எந்த நூற்பாவும் இல்லை.

நாற்பத்தோராவது நொடியில் நின்றுவிட்டேன்.
அடுத்த வாரம் பத்து டாலர் கட்ட
முடியும் என்கிறாளா
முடியாது என்கிறாளா?
அவள் மொழியில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு 'ட்'.
அதை விழுங்கிவிட்டாள்.

பதினேழு முறை ஓட்டினேன்.
வேகத்தைப் பாதியாக்கினேன், குகைக்குள் மாடு கத்தியது.
மென்பொருள் தானாக எழுதிவைத்திருந்தது: முடியும்.
ஷிஜு ஒற்றைக் காதில் கேட்டுவிட்டு
"முடியும்னே போடு, கேப் வந்துரும்" என்றான்.

முடியும் என்று போட்டால்
வெள்ளிக்கிழமை அவளுக்கு போன் போகும்.
நீங்கள்தானே சொன்னீர்கள் என்று
என் வரியை அவளுக்கே வாசித்துக் காட்டுவார்கள்.

பதினெட்டாவது முறை
அந்த 'ட்'டைத் தேடவில்லை.
அதற்கு முன்னால் இருந்த உயிரெழுத்தைக் கேட்டேன்.
முடியும் என்கிறவர்கள் அந்தச் சொல்லை
மிதித்துத் தாண்டிவிடுவார்கள்.
வெறும் 'க்ன்'.
உள்ளே உயிர் இருந்ததே தெரியாது.
இவள் அங்கே நின்றாள்.
உயிர் அகலமாய், முழுசாய்,
விளிம்பில் லேசாக நடுங்கி.
பிறகு தொண்டைக்குள் ஒரு சின்னத் தாழ்ப்பாள்.

மெய் கெட்டிருந்தது.
உயிர் கெடவில்லை.

அழித்துவிட்டு முடியாது என்று எழுதினேன்.
நாற்பத்திரண்டாவது நொடியில் அவள் இருமினாள்.
அதை எழுத விதி இல்லை.

ஐந்து மணிக்கு இப்லூர் சிக்னல்.
முதல் பஸ்ஸின் கண்டக்டர்
சில்க் போர்டை இரண்டாக மடித்து
'சிக்போட் சிக்போட்' என்று எறிந்துகொண்டிருந்தார்.
டிரைவர் சித்தலிங்கப்பா
'ஊட்ட ஆயித்தா' என்பதை ஒரே மூச்சில் கட்டி
'ஊட்டாய்த்தா?' என்றார்.
ஆய்த்து, என்றேன்.
கடைசி உகரம் பாதியில் நின்றது.

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
அகரா தாண்டி, ஆவி பறக்கும் ஓர் இட்லி வண்டியருகே
காரை ஓரங்கட்டினார்.