பதினைந்து வாட்

ஓவர்டைம் பணம், அறுநூறு ஸ்லாட்டி,
கையுறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.
டிராம் டிப்போவிலிருந்து நேரே வந்ததால்
இன்னும் சீருடைதான்.
பியோத்ர்கோவ்ஸ்கா தெருவின் பின்முற்றத்தில்
பழைய இசைக்கருவிக் கடை.
டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து
எழுந்தே நின்றுவிட்டான் மிரோஸ்வாவ்.

ஆம்ப் வேண்டும் என்றேன்.
எதற்கு என்றான்.

எதற்கா?
நான்காம் மாடி. கான்கிரீட் பலகைச் சுவர்.
அந்தப் பக்கம் திருமதி குபியாக் தும்மினால்
இந்தப் பக்கம் நான்
நூறாயுசு சொல்கிற மெல்லிசு.
விடிகாலை மூன்றரைக்கு எழுகிறவளுக்கு
சாயங்காலம் ஏழு மணியே நள்ளிரவு.
ஹெட்போன் துளை கட்டாயம்.
எஃபெக்ட் உள்ளேயே இருக்க வேண்டும்.
தனித்தனிப் பெடலாக வாங்கினால்
ஒவ்வொன்றும் ஒன்றரை நாள் சம்பளம்,
அதற்கொரு வயர்,
வயர் தடுக்கி விழ ஒரு நான்.

முதலில் காட்டியது புதுசு. கறுப்புப் பெட்டி,
சின்னத் திரை, நாற்பது எஃபெக்ட்.
திருகினால் தேவாலயம்,
இன்னும் திருகினால் குகை, கச்சேரி அரங்கம்,
அப்புறம்
தண்ணீருக்குள் ஆடு கத்துவதுபோல் ஒன்று.
தெரிந்த நான்கு கார்டையும் வாசித்தேன்.
ஒவ்வொன்றும் தேன் தடவிக்கொண்டு வந்தது.
தப்பாய் அழுத்திய விரல்கூட
வேண்டுமென்றே அழுத்தியது மாதிரி.
எழுநூற்று நாற்பது.
விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமாம்.
என் விரல் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கிறது,
ஐந்து வாரமாய்க் கம்பியை அழுத்தி.

அடுத்தது யாரோ விற்றுவிட்டுப் போனது.
முன்துணியில் காபிக் கறை. பதினைந்து வாட்.
மூன்றே குமிழ்: எதிரொலி, அலை, கரகரப்பு.
நடுக் குமிழைத் தொட்டால்
எண்ணெயில் கடுகு வெடிக்கிறது.
தூசிதான், என்றான்,
பத்து முறை திருகினால் அடங்கும்.
பதினொரு முறை திருகினேன்.
ஹெட்போனில் ஒரு காதுக்குத்தான் கேட்டது.
முந்நூற்று எண்பது.

மூன்றையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கினேன்.
ஒன்றும் பூசிக்கொள்ளாமல்
என் கை வெளியே வந்து நின்றது.
மூன்றாம் கம்பி உதறல்.
இரண்டாவது கார்டிலிருந்து மூன்றாவதுக்குப் போகையில்
தண்டவாளம் பிரியும் இடத்தில் வண்டிக்கு வருமே,
அதே தயக்கம், அதே தடக்.
அங்கே வேகத்தைக் குறைப்பேன்.
பயணிகளும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.
இங்கேயும் குறைத்தேன். யாரும் விழவில்லை.

இப்போது எதிரொலியை மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.
நான் தேடியதை மிரோஸ்வாவிடம் சொல்லவில்லை.
இரவில் கடைசி வண்டியைக்
கொட்டகைக்குள் விடும்போது
ஒருமுறை மணி அடிக்க வேண்டும், விதி.
ஆளில்லாத இருக்கைகளைத் தாண்டிப் போய்
எதிர்ச்சுவரைத் தொட்டு
என்னிடமே திரும்பும் அது.
போகவும் வரவும் ஆகும் நேரம்,
அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.
நாற்பதில் அதற்குப் பெயர் இல்லை.
இந்தப் பெட்டியில் எதற்குமே பெயர் இல்லை,
எண்கள்தான்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தது.

முகத்தில் எதையும் காட்டாமல்
ஒரு காதுக்கு என்ன குறைப்பாய் என்றேன்.
நாற்பது குறைத்தான்,
ஒரு வயரும் போட்டுக் கொடுத்தான்.
மிச்சத்தில் பனிக்காலப் பூட்ஸ் வாங்கலாம்.
வாங்காமலும் இருக்கலாம்.

திரும்பும் டிராமில் கிங்காதான் ஓட்டினாள்.
பதினொரு கிலோ. மடியில் வைத்தால் தொடை மரத்தது,
இருக்கையில் வைத்தால்
நிற்கிற கிழவர் முறைத்தார்.

ராத்திரி, கதவைச் சாத்தி,
ஹெட்போன் மாட்டி,
நாலரையில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கையில்
செத்த காதின் வழியே
சுவருக்கு அப்பால் ஒரு தும்மல்.
நூறாயுசு, என்றேன்.

ஏன் இப்படிக் கத்துகிறாய்,
என்றாள் திருமதி குபியாக்.