இ.பி. அட்டையின் பின்பக்கம்

பதினோரு ஆட்டம். நாலு ஜெயம். ரெண்டு டிரா.
மிச்சத்தை எழுதப் பேனாவுக்கு மனசில்லை,
ஆனாலும் எழுதியிருக்கிறேன்
இ.பி. அட்டையின் பின்பக்கம்,
மீட்டர் கணக்குக்கு நேர் முதுகில்.

கடைசி ஆட்டம் முடிந்து யாரும் பஸ் ஏறவில்லை.
தோற்ற காலேஜின் ஆட்கள் நடந்துதான் வருவார்கள்.
பேசின் பிரிட்ஜில், கீழே ரயில் கடக்கும்வரை
பேச்சை நிறுத்தி,
கடந்ததும் விட்ட வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டோம்.
"கீப்பர் ஏன்யா வெளிய வந்தான்?"

மின்ட் பக்கம் அத்தோ வண்டி.
பாஸ்கல் தன் தட்டை மைதானம் ஆக்கினான்:
பூண்டு திணித்த அரை முட்டை நாலு, பின்வரிசை.
நொறுக்கிய பேஜோ, நடுக்களம்.
பிழிந்த எலுமிச்சை மூடி, கோல்கீப்பர்.
"இவன் இங்கயே நின்னிருந்தா
ஒண்ணுக்கு ஒண்ணு. நமக்கு ஒரு பாயின்ட்டு."
எலுமிச்சை மூடியை விரலால் அழுத்திப் பிடித்தான்,
இனிமேலாவது நகராமல்.

"பொண்டாட்டி கூப்ட்டாகூட வெளிய வராத ஆளு நீ,
நீ சொல்ற" என்றார் ஜபருல்லா.
ஹார்பர் லாரி ஓட்டுகிறவர்.
எந்தத் தோல்விக்கும் அவரிடம் ஒரே காரணம், கோச்.
ஜெயித்தால் அவருக்கும் காரணம் தெரியாது.

பிறகு பேச்சு குணாளனிடம் வந்தது.
ஒன்பது கோல். அதில் ஒன்று
கார்னர் கொடி பக்கத்திலிருந்து, இடது காலால்;
அன்று வியாசர்பாடியே பாலத்தில் ஏறி நின்றது.
ஆனால் அறுபதாவது நிமிஷம் ஆனால் போதும்,
இடுப்பில் கை. பந்து தாண்டிப் போகும்,
இவன் தபால்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.
"திமிரு" என்றான் பாஸ்கல்.
"பீடி" என்றார் ஜபருல்லா.
நான் அட்டையில் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தேன்:
ஸ்டாமினா இல்லை. இரண்டு கோடு அடித்து.

டெல்பின் அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
காசிமேட்டில் ஏலத்தில் எடுத்து விற்கிறவள்,
ஒரு ஆட்டம் விட்டதில்லை.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
என் கூடைய ஏத்துறதே அவன்தான்டா.
ஐஸ் பொட்டி வேற."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தோசைக்கல்லில் வெங்காயம் மட்டும் பேசியது.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
அறுபதாவது நிமிஷம் என்பது
அவனுக்குப் பதினாலாவது மணி நேரம்.
அடித்த கோட்டை எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
அட்டைதான் கிழிந்தது.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"
"அவன் சொல்லாதன்னான்."

சரி, அடுத்த வருஷம்?
ஸ்டாப்பர் ரெஜினால்டு மஸ்கட் போகிறான், விசா வந்தாயிற்று.
லெஃப்ட் பேக்குக்கு முட்டியில் ஆபரேஷன்.
குணாளனுக்கு இது கடைசி வருஷம்;
எம்.காம். சேர்ந்தால் இன்னும் ரெண்டு சீசன் ஆடலாம்,
சேர பி.காம். முடிக்கவேண்டும்,
முடிக்க ஒரு அரியர் பாக்கி.
புள்ளியியல்.
ஆக எங்கள் எதிர்காலம் மொத்தமும்
சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் நடுவில்
ஆஃப்சைடில் நிற்கிறது.

"ஏலத்துல கணக்கு சரியாத்தான் போடுறான்,
நான் அஞ்சு ரூவா அமுக்குனா கண்டுபிடிச்சிடுவான்"
என்றாள் டெல்பின்.
சொல்லிக்கொண்டே கைநீட்டி
பாஸ்கல் தட்டிலிருந்து ஸ்டாப்பரை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய்!"
"அவன்தான் மஸ்கட் போறானே."

பின்வரிசையில் எண்ணெய் வட்டம் ஒன்று.
மூன்று பேரும் அதையே பார்த்தோம்.
கண்ணப்பர் திடலில் பார்த்த ஒரு உயரமான பையனை
ஜபருல்லா சொன்னார், பெயர் தெரியாது.
தலையால் நல்லா அடிக்கிறான்,
பன்னிரண்டாவது பாஸாகிவிட்டானா, தெரியாது.
வண்டிக்காரர் கேட்காமலே
இன்னொரு அரை முட்டையை வட்டத்தில் வைத்தார்.
"இது கணக்குல வராது" என்றார்.

அட்டையில் அவனுக்கு ஒரு வரி விட்டு,
பெயருக்குப் பதில் 'உயரம்' என்று எழுதி, திருப்பினேன்.
பணம் கட்டக் கடைசி நாள்
நேற்றே போயிருந்தது.