பதினேழாவது பெயர்

லாங்கன்தாலில் நடைபாதைகள் தெருவைவிட
இரண்டு முழம் உயரம்.
அந்தக் காலத்தில் ஆறு பெருகினால்
தெருவழியே திறந்துவிடுவார்களாம்.
கடைக்காரர் படியேறி நின்று
சப்பாத்து நனையாமல் பார்த்திருப்பார்களாம்.
ஏறி நின்றவனை அன்றைக்கு யாரும்
எடுப்புக்காரன் என்றிருக்க மாட்டார்கள்.

அந்தப் படியில்தான் நின்றாள் பத்மலோஜினி,
செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை,
கையில் துண்டுப்பிரசுரம், கழுத்தில் மெல்லிய சால்வை,
போறவாறவர்க்கெல்லாம் ஒரு 'குரூஸெக்'.
நகரசபைக்கு நிற்கிறாள்.
பட்டியலில் பதினேழாவது பெயர்.

நானும் அவளும் ஒரே மாதம் வந்தவர்கள்.
அகதி முகாமின் இரட்டைத்தட்டுக் கட்டிலில்
நான் கீழே, அவள் மேலே.
அப்பவே மேலேதான் என்று
இப்போது சொல்லிச் சிரிக்கிறோம்.

சனம் சொன்னது:
விரலுக்கேத்த வீக்கம் வேணும்.
ஆசுப்பத்திரியில் படுக்கை விரிக்கிறவளுக்குச்
சபையில் கதிரை கேக்குதோ.
உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி...
மிச்சத்தை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.
தேத்தண்ணியை உறிஞ்சினோம்.

எங்கள் கட்டிடத்துச் சலவை அறையில்
எனக்கு முதல்நாள் முறைக்காரி ஃபிராவ் லூதி
துவாயை மடித்துக்கொண்டே சொன்னாள்:
"நல்ல பெண்தான். கொஞ்சம் அவசரம்."
இருபத்தெட்டு வருசத்தில்
எங்கட ஆக்களும் அவையளும்
ஒரே கருத்துக்கு வந்தது அன்றைக்குத்தான்.

பருந்தாக வேண்டுமென்று குருவி
எப்போது கேட்டது?
கூரைக்கு மேலே என்ன இருக்கிறதென்று
பார்க்கப் போயிருக்கலாம்.
ஆனால், இருக்கிற இடம் போதாது என்று
ஒருத்தி எழும்பும்போது
பக்கத்தில் இருக்கிறவளின் இடத்தையும் சேர்த்தல்லவா
போதாது என்கிறாள்.

இது நான் பிறகு யோசித்தது.
அப்போது எனக்கிருந்த கோபம் வேறு.
மே மாதத்தில் ஒரு வெள்ளி, அவள் வீட்டில் விருந்து.
கட்சிக்காரர், சீஸ், வெள்ளை வைன், ஒலிவ் காய்.
முதல்நாள் போன் எடுத்தாள்:
"நாளைக்கு மட்டும் வராதை, என்ன?"
மூன்று நாளாக அந்த வீட்டில் மீன்குழம்பு வைக்கவில்லை.
ஜன்னலெல்லாம் திறந்தபடி கிடந்தன.
அந்த 'என்ன?'வில் ஒரு கெஞ்சல் இருந்தது.
எனக்குக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

வாக்குச்சீட்டு தபாலில் வந்தது.
இங்கே பட்டியலில் விரும்பிய பெயரை
இரண்டு தரம் எழுதலாம்.
விரும்பாததை வெட்டலாம்.
மகனின் அடிமட்டத்தை எடுத்தேன்.
கோடு நேராக வரவேண்டும் என்று நினைத்தது
நல்ல ஞாபகம்.
பத்மலோஜினி தயாநிதி, தாதி உதவியாளர்:
கோட்டுக்குக் கீழேயும் எழுத்துத் தெரிந்தது.
இன்னொரு தரம் இழுத்தேன்.

தோற்றாள்.
சின்ன வித்தியாசம் இல்லை, இருநூற்றுப் பதினொன்று.
என் கோடு இல்லாமலும் தோற்றிருப்பாள்.
இதை எனக்கு நானே
எத்தனை தரம் சொல்லியாயிற்று.

நவம்பர் கடைசியில் மணி அடித்தது.
கக்கத்தில் ஆறு மரக்கட்டைகள்,
அவளுடைய பதாகைகளைத் தாங்கி நின்றவை.
"உன்ர தோட்டத்தில போஞ்சிக்கு ஊன்றலாம்."
ஒன்றில் இன்னும் கிழிபட்ட கடதாசி,
அவள் நெற்றியும் ஒரு கண்ணும்.
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
"நீ ரெண்டு தரம் எழுதியிருப்பாய், தெரியும்.
நாலு வருசத்தில திரும்ப நிப்பன்."

கட்டைகளை வாங்கிச் சுவரோடு சாத்தினேன்.
ஒன்று சரிந்தது. மறுபடி நிமிர்த்தினேன்.
அடுப்பில் பாரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.
அவசரமாய் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

"விடு," என்றாள்.
"குளிருது."