இரண்டு பல்

பெடலோடு சுற்றும் பற்சக்கரத்துக்கு
முப்பது பல்லா, முப்பத்திரண்டா
என்று கேட்டான் எலெயுத்தேரியோ,
கோகா இலையைக் கன்னத்தில் அடக்கி,
கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி.
சுனில்டா எதைப் போட்டிருக்கிறாள் என்றேன்.
கொச்சபாம்பாக்காரியா? முப்பத்திரண்டு.
எனக்கும் அதையே போடு.

முதல் நாள் உப்புவெளி.
கண்ணுக்கெட்டிய மட்டும் மேடில்லை, பள்ளமில்லை.
அந்த இரண்டு பல்லும்
எனக்கென்றே கடைந்தது போலிருந்தது.
ஐந்தாவதாக வந்தேன்.
எல் ஆல்ட்டோவுக்குப் போன் போட்டு
பேக்கரி முதலாளியிடம்கூடச் சொன்னேன்.

இன்று நான்காம் நாள்.
நாலாயிரத்து அறுநூறு மீட்டர்.
செயின் ஏறி ஏறி
பின்சக்கரத்தின் கடைசித் தட்டில்
உட்கார்ந்தாயிற்று.
ஆனாலும் கட்டைவிரல் லீவரை அழுத்துகிறது,
இன்னொன்று இருக்காதா என்று,
காலிப் பையைத் திரும்பத் திரும்பத்
துழாவும் கை மாதிரி.
டிக்.
ஒன்றும் மாறவில்லை.

ஒரு மிதிக்கு இரண்டு மூச்சு.
பிறகு மூன்று.
அப்புறம் எண்ணவில்லை.
நாக்கில் செம்புக்காசு ருசி.
இங்கே சொல்தான் முதலில் போகிறது;
பல் அத்தனையும் இருக்கிறது,
இரண்டு கூடுதலாகவே.

முன்சக்கரம் ஒரு கல்லோடு வாதாடியது.
கல் ஜெயித்தது.
இறங்கித் தள்ளினேன்.

லாமாக்களை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் ஒருத்தி.
அவளுக்கும் என் வேகம்தான்.
கெட்டுப்போச்சா? என்றாள் அய்மாராவில்.
இல்லை.
பின்னே அது ஏன் உன்னைச் சுமக்கவில்லை?
பதில் சொல்ல மூச்சில்லை.
இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விடிகாலை நாலு மணிக்கு
ரொட்டிக்கூடையோடு நான் மிதிக்கும் சைக்கிளுக்கு
ஒரே கியர்.
அதற்கு எத்தனை பல் என்று
இதுவரை எண்ணியதில்லை.

கணவாயில் கற்குவியல்.
ஏறி வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லாய்
களைப்பை வைத்துவிட்டுப் போகிற இடம்.
அதன் மறைவில் சுனில்டா
குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் இருக்கா என்றாள்.
கொடுத்தேன்.
அவள் குடிக்கும்போது
பக்கத்தில் கிடந்த சைக்கிளைப் பார்த்தேன்,
பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.
பற்சக்கரத்தில் பொறித்திருந்தது:
இருபத்தெட்டு.

நேற்றிரவே மாற்றியிருக்கிறாள்.
என் கூடாரத்துக்கு நாலு கூடாரம் தள்ளி
ஸ்பேனர் சத்தம் கேட்டது;
காற்று என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

கல் தேடினேன். சிறியதுதான் கிடைத்தது.
வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.
இனிப் பதினெட்டு கிலோமீட்டர் இறக்கம்,
பிரேக்குக்கு மட்டும்தான் வேலை.
கீழே போனதும் எலெயுத்தேரியோவிடம்
கேட்க வேண்டும், இன்னொரு இருபத்தெட்டு இருக்கா என்று.
ஒன்றுதான் இருந்தது என்பான்.
துணியில் கையைத் துடைப்பான்.